எந்த வெயில், எதற்கு, எவ்வளவு நேரம்? புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

உடம்புக்கு வெயில் நல்லது என்று கேள்விப்பட்டுத் தொடங்குகிறவர்களில் பலர் செய்வது ஒன்றுதான். விடிந்ததும் வெளியே போய் இளவெயிலில் கால் மணி நேரம் நடப்பார்கள். சில மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை செய்தால் வைட்டமின் டி இருந்த இடத்திலேயே இருக்கும். வெயிலால் ஒரு பயனும் இல்லை என்று அதோடு விட்டுவிடுவார்கள். உண்மையில் அந்தக் காலை நடை வீண் போகவில்லை. தூக்கத்துக்கும் மனநிலைக்கும் அது நல்லதே செய்திருக்கும். வைட்டமின் டிக்குத்தான் அது பொருந்தாத நேரம். காலை வெயிலும் உச்சிவெயிலும் உடம்பில் செய்யும் வேலை வேறு வேறு. எதற்காக வெயிலில் நிற்கிறோம் என்பதை முதலில் முடிவுசெய்துகொண்டால், எப்போது, எவ்வளவு நேரம் என்பதை அதிலிருந்தே கணக்கிட்டுவிடலாம்.

வெயிலுக்குள் என்ன இருக்கிறது

தரைக்கு வந்து சேரும் வெயிலில் மூன்று பங்கு உண்டு: கண்ணுக்குத் தெரியும் ஒளி, தோலில் சூடாகப் படும் அகச்சிவப்புக் கதிர், கண்ணுக்கும் தெரியாத சூடும் தெரியாத புற ஊதாக் கதிர். இந்தப் புற ஊதாக் கதிரிலும் இரண்டு வகை நம்மை வந்தடைகின்றன. யூவி-ஏ 315 முதல் 400 நானோமீட்டர் வரை அலைநீளம் கொண்டது. காலை முதல் மாலை வரை ஓரளவு இருந்துகொண்டே இருக்கும், சன்னல் கண்ணாடியைத் தாண்டி வரும், தோலின் ஆழம்வரை இறங்கும். தோல் சுருங்கி முதிர்வதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. யூவி-பி 280 முதல் 315 நானோமீட்டர் வரை. வைட்டமின் டியை உண்டாக்குவதும் இதுதான், தோலைச் சிவக்கவைத்து எரிப்பதும் இதுதான். நன்மையையும் தீமையையும் ஒரே கதிர் செய்வதால்தான் வெயில் விஷயத்தில் அளவு இவ்வளவு முக்கியமாகிறது.

சூரியன் தாழ்வாக இருக்கும்போது அதன் கதிர் காற்று மண்டலத்தைச் சாய்வாகக் கடந்து நெடுந்தூரம் வருகிறது. வழியில் ஓசோன் யூவி-பியில் பெரும்பகுதியை உறிஞ்சிவிடுகிறது. இளவெயிலில் வைட்டமின் டி கிடைக்காததற்கு இதுதான் காரணம். நிலநடுக்கோட்டிலிருந்து வெகு தொலைவில் இருக்கும் ஊர்களில் குளிர்காலம் முழுவதும் சூரியன் இப்படித் தாழ்வாகவே நகரும். பாஸ்டன் நகரத்து அட்சரேகையான 42 டிகிரியில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை நண்பகலில் நின்றாலும் தோலில் வைட்டமின் டி உருவாவதில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். சூடு வேறு, புற ஊதாக் கதிர் வேறு. குளிர்ந்த காற்று வீசும் மலையில் வெயில் சுடுவதே தெரியாது. ஆனால் ஒவ்வொரு 1000 மீட்டர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுகிறது. புதுப்பனி படர்ந்த தரை தன்மேல் விழும் புற ஊதாக் கதிரில் 80 விழுக்காடு வரை திருப்பி அனுப்பும், உலர்ந்த மணல் 15 விழுக்காடு அளவுக்கு அனுப்பும். மெல்லிய மேகத்தை அது எளிதாக ஊடுருவும். உடம்பு சுடவில்லை என்பதை வைத்து இன்னும் கொஞ்ச நேரம் நிற்கலாம் என்று முடிவெடுத்தவர்கள்தான் மலையிலும் கடற்கரையிலும் தோல் எரிந்து திரும்புகிறார்கள்.

தொடங்கும் முன்: யார் மருத்துவரைக் கேட்க வேண்டும்

இந்தப் படியைத் தாண்டிப் போகவே கூடாது. லூபஸ், போர்ஃபிரியா போன்ற நோய் உள்ளவர்களுக்கு வெயிலே நோயைக் கிளப்பிவிடும். வெண்புள்ளி உள்ள இடங்களில் நிறமி இல்லாததால் அவை சீக்கிரம் எரியும். முகத்தில் மங்கு இருப்பவர்களுக்கு வெயிலில் அது அடர்ந்துபோகும். தோல் புற்றுநோய் ஒருமுறை வந்தவர்களும் உறுப்பு மாற்று அறுவை செய்து எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்களும் தாங்களாகவே வெயிலில் நிற்கக் கூடாது.

பலர் கவனிக்காமல் விடுவது மாத்திரையை. டாக்சிசைக்ளின், ரத்த அழுத்தத்துக்குத் தரும் ஹைட்ரோகுளோரோதயசைடு, நீர் பிரியத் தரும் ஃபுரோசமைடு, இதயத் துடிப்புக்கான அமியோடரோன், சிப்ரோஃப்ளாக்சசின் வகை நுண்ணுயிர்க்கொல்லிகள், முகப்பருவுக்கான ஐசோட்ரெடினாயின் ஆகியவை தோலின் தாங்கும் சக்தியைக் குறைக்கும். வழக்கமாக ஒன்றும் செய்யாத வெயில், இவற்றில் ஒன்றைச் சாப்பிடத் தொடங்கிய வாரத்தில் கொப்புளமே போடலாம். புதிதாக எந்த மருந்து தொடங்கினாலும் வெயில் படலாமா என்று மருந்தாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். எலுமிச்சைச் சாறு பட்ட கையைக் கழுவாமல் வெயிலுக்குப் போனாலும் அடுத்த ஓரிரு நாளில் எரிச்சலும் கொப்புளமும் வரும், பிறகு கருந்தழும்பு வாரக்கணக்கில் நிற்கும். சாற்றில் உள்ள ஃபுரோகூமரின் என்ற பொருளும் யூவி-ஏயும் சேர்ந்து செய்யும் வேலை அது.

முதல் படி: காலை ஒளி, கண்ணுக்கு

யாராக இருந்தாலும் இதிலிருந்து தொடங்குவதுதான் நல்லது. ஆபத்து மிகக் குறைவு, பலன் சீக்கிரம் தெரியும்.

மூளையில் ஹைப்போதலாமஸ் பகுதியில் ஓர் உள் கடிகாரம் இருக்கிறது. எப்போது தூக்கம் வர வேண்டும், எப்போது உடம்புச் சூடு ஏற வேண்டும், எப்போது கார்ட்டிசால் என்ற ஹார்மோன் சுரக்க வேண்டும் என்பதையெல்லாம் அது நடத்துகிறது. அதன் சுற்று பெரும்பாலோருக்கு 24 மணி நேரத்தைவிடச் சற்றே நீளம். தினமும் திருத்தி வைக்காவிட்டால் தூக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போகும். திருத்துவது ஒளிதான். விழித்திரையில் மெலனாப்சின் என்ற நிறமி கொண்ட தனி வகைச் செல்கள் உள்ளன. பார்ப்பதைவிட, வெளிச்சம் எவ்வளவு என்று கடிகாரத்துக்குச் சொல்வதே அவற்றின் முக்கிய வேலை. மெலனாப்சினை 1998இல்தான் கண்டுபிடித்தார்கள். 480 நானோமீட்டர் அளவிலான நீல ஒளிக்கு அது அதிகம் கிளர்ச்சியடைகிறது. வானத்து ஒளியில் அது நிறைய உண்டு.

செய்ய வேண்டியது எளிது. எழுந்த ஒரு மணி நேரத்துக்குள், சூரியன் உதித்த பிறகு, வெளியே போங்கள். வானம் தெளிவாக இருந்தால் 20 முதல் 30 நிமிடம் போதும். மேகமூட்டமாக இருந்தால் 45 நிமிடம் வரை நீட்டுங்கள். குளிர்கண்ணாடி வேண்டாம், பவர் கண்ணாடி போட்டிருக்கலாம். சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது. உதயச் சூரியனை உற்றுப் பார்த்தால் கண் பலம்பெறும் என்பது தவறு, விழித்திரையின் நடுப்பகுதி கருகிப் பார்வை நிரந்தரமாகக் கெடலாம். திறந்த வானம் கண்முன் இருந்தால் போதும். நடக்கலாம், உட்காரலாம், செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம். நிழலில் இருந்தாலும் சரிதான், ஏனென்றால் இங்கே வேண்டியது வானத்தின் வெளிச்சம்.

வீட்டுக்குள் விளக்கைப் போட்டுக்கொண்டால் ஆகாதா என்று கேட்பவர்களுக்கு எண்களே பதில். நேர் வெயிலில் வெளிச்சம் 100,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவில் இருக்கும். திறந்தவெளி நிழலில் பத்தாயிரம் லக்ஸைத் தொடும். மூட்டமான நாளிலும் சில ஆயிரம் இருக்கும். நன்றாக விளக்கு போட்ட அலுவலகத்தில் 300 முதல் 500, வீட்டு அறையில் பெரும்பாலும் 200க்கும் கீழே. நம் கண் தன்னைச் சரிசெய்துகொள்வதால் இந்த வேறுபாடு நமக்குத் தெரிவதில்லை. சன்னலோரம் உட்காருவது அறை நடுவில் உட்காருவதைவிட மேல். ஆனால் சன்னலிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் உள்ளே தள்ளிப்போனாலே வெளிச்சம் வெகுவாகக் குறைந்துவிடும்.

இதில் தவறுவது இரண்டு இடங்களில். ஒன்று, வாரத்தில் ஐந்து நாள் ஆறு மணிக்கு வெளியே போய்விட்டு விடுமுறை நாளில் பத்து மணிவரை தூங்குவது. அந்த இரண்டு நாளில் கடிகாரம் மறுபடி தள்ளிப்போய்விடும். இன்னொன்று, காலையில் ஒளி எடுத்துக்கொண்டு, இரவு பதினொரு மணிவரை பளீரென்ற வெள்ளை விளக்கின் கீழ் இருப்பது. வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே தூக்கத்துக்கான மெலட்டோனின் ஹார்மோன் சுரக்கத் தொடங்க வேண்டும். அந்த நேரத்தில் படும் ஒளி அதை அடக்கிவிடும். காலை ஒளியும் இரவு இருளும் சேர்ந்தால்தான் தூக்கம் நேரத்துக்கு வரும்.

எல்லோருக்கும் காலை ஒளிதான் மருந்து என்றும் நினைக்க வேண்டாம். வயதானவர்கள் சிலருக்கு மாலை ஏழு மணிக்கே கண் சொருகும், பின்னிரவு மூன்று மணிக்கு விழிப்பு தட்டும். அவர்களுடைய கடிகாரம் முன்னே ஓடுகிறது, காலை ஒளி அதை இன்னும் முன்னே தள்ளும். அவர்கள் வெளியே உட்கார வேண்டியது மாலையில், சூரியன் மறைவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில். இரவுப் பணி முடிந்து காலையில் தூங்கப் போகிறவர்களுக்கும் கணக்கு தலைகீழ்தான். வீடு திரும்பும் வழியில் குளிர்கண்ணாடி போட்டுக்கொண்டு, அறையை இருட்டாக்கித் தூங்கி, எழுந்த பிறகு வெளியே போகலாம். தூக்கக் கலக்கத்தோடு வண்டி ஓட்டுவதானால் மட்டும் கண்ணாடி வேண்டாம், பாதுகாப்புதான் முக்கியம்.

குளிர்காலத்தில் மட்டும் மனம் சோர்ந்துபோகும் ஒருவகை மனச்சோர்வை 1984இல் அமெரிக்க மனநல மருத்துவர் நார்மன் ரோசந்தாலும் அவருடன் பணியாற்றியவர்களும் விவரித்தார்கள். அதற்கு 10,000 லக்ஸ் விளக்கின் முன் காலையில் 30 நிமிடம் உட்கார்வது இன்று வழக்கமான சிகிச்சைகளில் ஒன்று. இருமுனைக் கோளாறு உள்ளவர்கள் இதை மனநல மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது. அதிக ஒளி அவர்களை மிகைக் கிளர்ச்சி நிலைக்குத் தள்ளக்கூடும்.

இரண்டாம் படி: நிழலை அளந்து நேரம் பார்ப்பது

இனி வைட்டமின் டி. கடிகாரத்தில் இத்தனை மணி என்று சொன்னால் ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் அது தவறும். நிழல் எங்கேயும் தவறாது.

சமதரையில் நிமிர்ந்து நின்று நிழலின் தலை விழும் இடத்தை ஒரு கல் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நின்ற இடத்திலிருந்து அந்தக் கல்வரை குதிகாலும் விரலும் தொடும்படி பாதத்தை வைத்து எண்ணிக்கொண்டே போங்கள். பெரும்பாலோருடைய உயரம் அவர்கள் பாதத்தைப்போல ஆறரை மடங்கு இருக்கும். ஆகவே நிழல் ஆறு ஏழு பாதம் வந்தால் அது உங்கள் உயரத்துக்குச் சமம், சூரியன் 45 டிகிரி உயரத்தில் இருக்கிறது என்று பொருள். தெளிந்த வானத்தில் அப்போது யூவி இன்டெக்ஸ் (விளக்கம் அடுத்த பத்தியில்) ஏறத்தாழ 5. நிழல் உயரத்தைப்போல இரு மடங்கு, அதாவது பதின்மூன்று பாதம் இருந்தால் இன்டெக்ஸ் 2 அளவில்தான் இருக்கும், வைட்டமின் டிக்கு அது போதாது. மூன்று நான்கு பாதமாகச் சுருங்கிவிட்டால் 8க்கு மேல் போயிருக்கும், தோல் சீக்கிரம் எரியும்.

யூவி இன்டெக்ஸ் என்பது தோலை எரிக்கும் திறனைச் சொல்லும் எண். கனடா 1992இல் தொடங்கியது, இன்று உலகெங்கும் ஒரே அளவுகோல்தான். 0 முதல் 2 வரை குறைவு, 3 முதல் 5 மிதம், 6, 7 அதிகம், 8 முதல் 10 மிக அதிகம், 11உம் அதற்கு மேலும் உச்சம். வானிலைச் செயலிகள் பலவற்றில் மணிக்கு மணி காட்டுவார்கள். புகைமூட்டமான நகரங்களில் செயலி சொல்லும் எண்ணைவிடத் தரையில் குறைவாக இருக்கலாம்.

வெப்பமான ஊரில் இருப்பவர்கள் நண்பகலைத் தேடிப் போக வேண்டியதில்லை. நிழல் உங்கள் உயரத்துக்குச் சமமாகி, அதற்குக் கீழே குறையத் தொடங்கும் முற்பகல் நேரமே சிறந்தது. யூவி-பி போதிய அளவுக்கு வந்துவிடும், வெப்பம் இன்னும் ஏறியிருக்காது. மாலையிலும் இதே நிழல் மறுபடி வரும். ஆனால் தரையும் சுவரும் அதற்குள் சூடேறிவிடுவதால் வேர்த்துக்கொட்டும்.

மூன்றாம் படி: நிமிடக் கணக்கு

தோல் எவ்வளவு வெளிறியதோ அவ்வளவு சீக்கிரம் எரியும், அவ்வளவு சீக்கிரம் வைட்டமின் டியும் உண்டாகும். கறுத்த தோலில் மெலனின் என்ற நிறமி கதிரில் ஒரு பங்கைத் தடுத்துவிடுவதால் இரண்டுமே தாமதமாகும். இதை ஒரு எளிய கணக்காக வைத்துக்கொள்ளலாம். எளிதில் சிவந்துபோகும் வெளிறிய தோலுக்கு 170, மாநிறத்துக்கு 300, கறுத்த தோலுக்கு 400. உங்களுக்குரிய எண்ணை அன்றைய யூவி இன்டெக்ஸால் வகுத்தால், தோல் சிவக்கத் தொடங்க ஏறத்தாழ எத்தனை நிமிடமாகும் என்பது வந்துவிடும். நிற்க வேண்டியது அதில் மூன்றில் ஒரு பங்கு.

இன்டெக்ஸ் 6 இருக்கும் ஒரு முற்பகலை எடுத்துக்கொள்வோம். மாநிறத்தவருக்கு 300ஐ 6ஆல் வகுத்தால் 50 நிமிடம், மூன்றில் ஒரு பங்கு 17 நிமிடம். வெளிறிய தோலுக்கு 9 நிமிடம், கறுத்த தோலுக்கு 22 நிமிடம். ஆளுக்கு ஆள் தோல் மாறுவதால் முதல் வாரம் இதிலும் பாதி நேரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எரிச்சல் வந்தால் உடனே தெரியாது. மூன்று நான்கு மணி நேரம் கழித்துத் தொடங்கி, 12 முதல் 24 மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும். அதனால் நிற்கும்போது தோல் நன்றாக இருந்தது என்பது கணக்கில் வராது, மறுநாள் காலையில் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். கறுத்த தோலில் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. தொட்டால் சூடு, சட்டை உரசினால் வலி, அரிப்பு ஆகியவற்றை வைத்துப் பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் முழுதாக ஆறும்வரை விட்டுவிட்டு, அடுத்த முறை நேரத்தைப் பாதியாக்குங்கள்.

வாரத்துக்கு மூன்று நாள் போதும். அதிக நேரம் நின்றால் அதிகம் கிடைக்கும் என்ற நினைப்புதான் பெரும்பாலோரைக் கெடுக்கிறது. தோலில் உள்ள 7-டீஹைட்ரோகொலஸ்ட்ரால் என்ற பொருள் யூவி-பி பட்டதும் வைட்டமின் டியின் முன்பொருளாக மாறுகிறது. பிறகு உடம்புச் சூட்டில் சில மணி நேரத்தில் அது வைட்டமின் டி3 ஆகிறது. கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் இன்னும் இரண்டு மாற்றம் நடந்த பிறகே உடம்புக்குப் பயன்படும். தொடர்ந்து வெயிலில் நின்றுகொண்டே இருந்தால் அந்த முன்பொருள் அதே வெயிலில் வேறு பயனற்ற பொருள்களாகச் சிதையத் தொடங்கும். ஒரு கட்டத்துக்கு மேல் வரவு நின்றுவிடும், தோல் செல்களின் மரபணுவில் சேதம் மட்டும் ஏறிக்கொண்டே போகும். வெயிலால் வைட்டமின் டி மிகையாகி நஞ்சாவதில்லை என்பதற்கும் இதே சிதைவுதான் காரணம்.

நான்காம் படி: உடம்பில் எந்த இடம்

1919இல் பெர்லின் மருத்துவர் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி எலும்பு வளைந்த குழந்தைகளுக்குப் பாதரச ஆவி விளக்கின் புற ஊதா ஒளியைக் காட்டிக் குணப்படுத்தினார். ஒரு கையில் மட்டும் ஒளி பட்டபோதும் மறு கையின் எலும்பும் சேர்ந்தே தேறியது. தோலில் உருவாகும் ஏதோ ஒன்று ரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் போகிறது என்பது அதிலிருந்து தெரிந்தது. ஆகவே எலும்பு வலிக்கும் இடத்தில்தான் வெயில் பட வேண்டும் என்பதில்லை. எந்த இடம் என்பதைவிட எவ்வளவு பரப்பு என்பதே முக்கியம்.

முகத்தை விட்டுவிடுங்கள். பரப்பு குறைவு, வாழ்நாள் முழுவதும் அதிக வெயில் பட்டுச் சுருங்கும் இடமும் அதுதான். விளிம்பு ஏழெட்டு சென்டிமீட்டர் அகலமுள்ள தொப்பியால் மறைத்துக்கொண்டு கை, கால்களைத் திறந்துவையுங்கள். ஒரு முழுக் கை உடம்பின் பரப்பில் ஏறத்தாழ 9 விழுக்காடு, ஒரு முழுக் கால் 18 விழுக்காடு. முழங்கைக்குமேல் சட்டையை மடித்துவிட்டு, முழங்கால்வரை திறந்திருந்தால் நல்ல பரப்பு கிடைத்துவிடும். வெயில் பட்ட பக்கத்தில் மட்டும்தான் வேலை நடக்கும் என்பதால் பாதி நேரத்தில் திரும்பி நில்லுங்கள். முழு உடையில் இருப்பவர்களுக்கு மறைவான இடம் கிடைக்காவிட்டால் வெயிலைக் கட்டாயமாக்கிக்கொள்ள வேண்டியதில்லை, மாத்திரை அதே வேலையைச் செய்யும்.

மூடிய சன்னல் கண்ணாடிக்குப் பின்னால் நிற்பது இங்கே முற்றிலும் வீண். சாதாரணக் கண்ணாடி யூவி-பியை ஏறக்குறைய முழுதும் தடுத்துவிட்டு யூவி-ஏயை உள்ளே விடுகிறது. பயன் வெளியே நின்றுவிடும், தோல் முதிர்ச்சி மட்டும் உள்ளே வரும். வெயில் பட்ட பிறகு குளித்தால் வைட்டமின் டி கழுவிப்போய்விடும் என்ற பயம் தேவையில்லை. அது உயிருள்ள தோல் அடுக்கில் உருவாகிறது, மேற்பரப்பில் வழிந்து நிற்பதில்லை.

நேரம் முடிந்த பிறகு

கணக்கிட்ட நிமிடம் முடிந்ததும் நிழலுக்குப் போய்விடலாம். வெளியில் வேலை தொடர்ந்தால் உடையும் சன்ஸ்கிரீனும் வேண்டும். நெருக்கமாக நெய்த, அடர்ந்த நிறத் துணி நல்ல காப்பு. மெல்லிய வெள்ளைச் சட்டை நாம் நினைப்பதைவிடக் குறைவாகவே தடுக்கும், நனைந்தால் இன்னும் மோசம்.

சன்ஸ்கிரீனில் எஸ்பிஎஃப் என்ற காப்பு எண் 30 என்றால் அது யூவி-பியில் ஏறத்தாழ 97 விழுக்காட்டைத் தடுக்கும், 50 தடுப்பது 98. எண்ணைத் துரத்துவதைவிட அளவாகப் பூசுவதே முக்கியம். சோதனைக்கூடத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசித்தான் அந்த எண்ணைக் கணக்கிடுகிறார்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து ஒரு தேக்கரண்டி, ஒவ்வொரு கைக்கும் ஒரு தேக்கரண்டி என்றால் ஏறத்தாழ அந்த அளவு வரும். பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்கத் தேய்த்தால் டப்பாவில் எழுதியிருக்கும் காப்பில் சிறு பங்குதான் கிடைக்கும். வெளியே போக 15 நிமிடம் முன்பு பூசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும், வேர்த்தாலோ தண்ணீரில் இறங்கினாலோ உடனேயும் மறுபடி பூசுங்கள்.

குழந்தைகளும் வயதானவர்களும்

ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தையை நேர் வெயிலில் காட்ட வேண்டாம். தோல் மெல்லியது, வெப்பத்தைத் தாங்கும் திறனும் வளர்ந்திருக்காது. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு நாளொன்றுக்கு 400 ஐ.யூ. (பன்னாட்டு அலகு) வைட்டமின் டி சொட்டு மருந்து தருவதுதான் குழந்தை மருத்துவத்தில் பரவலான பரிந்துரை. பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை இருந்தால் வெயிலில் வைத்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். நீல ஒளி, மஞ்சளுக்குக் காரணமான பிலிருபின் என்ற நிறமியைக் கரைக்கும் என்பது உண்மைதான். ஆனால் மருத்துவமனை விளக்கில் அளவும் கண்காணிப்பும் உண்டு, வெயிலில் அந்த இரண்டும் இல்லை. மஞ்சள் ஏறிக்கொண்டே போனால் மூளையைப் பாதிக்கும். காத்திருக்கும் நாள்கள்தான் ஆபத்து.

பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு வெளி வெளிச்சம் கண்ணுக்காக வேண்டும். பிரகாசமான ஒளி விழித்திரையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கவைத்து, விழி அளவுக்குமீறி நீள்வதைத் தடுக்கிறது என்பதே இதற்கு முதன்மையாகச் சொல்லப்படும் விளக்கம். விழி நீண்டால்தான் கிட்டப்பார்வை. சீனாவின் குவாங்சோவில் பள்ளிகளில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டுப் பார்த்து, 2015இல் முடிவை வெளியிட்டார்கள். மூன்று ஆண்டில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் வெளியே விட்ட பிள்ளைகளில் 30.4 விழுக்காடு, மற்றவர்களில் 39.5 விழுக்காடு. நாளுக்கு இரண்டு மணி நேரம் வெளியே என்பது நல்ல இலக்கு. மர நிழலில் விளையாடினாலும் போதும், ஏனென்றால் வேண்டியது வெளிச்சம். ஏற்கெனவே வந்துவிட்ட பவரை இது குறைக்காது, வருமுன் தடுக்கத்தான் உதவும். வெளியே உட்காரவைத்துக் கைபேசியைக் கொடுப்பது நோக்கத்தையே கெடுத்துவிடும்.

வயதாக ஆகத் தோலில் வைட்டமின் டிக்கான மூலப்பொருள் குறைகிறது. எழுபது வயதில், இளமையில் கிடைத்ததில் பாதிகூடக் கிடைப்பதில்லை. அதற்காக நேரத்தை இரட்டிப்பாக்கினால் வெப்பம் தாக்கும், தாகம் உணரும் திறனும் அந்த வயதில் மங்கியிருக்கும். அவர்களுக்குக் காலை அல்லது மாலை ஒளி தூக்கத்துக்கு, மாத்திரை எலும்புக்கு என்று பிரித்துக்கொள்வதே சரியான வழி.

எரிந்துவிட்டால், வெப்பம் தாக்கினால்

தோல் எரிந்துவிட்டால் குளிர்ந்த நீரில் நனைத்த துணியைப் பத்துப் பதினைந்து நிமிடம் போட்டு எடுங்கள், ஐஸ் நேராக வைக்க வேண்டாம். மணமில்லாத ஈரப்பதக் களிம்பைப் பூசி, நிறையத் தண்ணீர் குடியுங்கள். கொப்புளத்தை உடைக்கக் கூடாது, அடியிலிருக்கும் தோலுக்கு அதுவே மூடி. காய்ச்சல், வாந்தி, பரந்த கொப்புளம் இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும்.

வெப்பத் தாக்குதல் இதைவிட அவசரம். தலைச்சுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு, அளவுக்குமீறிய வேர்வை ஆகியவை முதல் எச்சரிக்கை. நிழலில் படுக்கவைத்துக் காலை உயர்த்தித் தண்ணீர் கொடுத்தால் பெரும்பாலும் அரை மணி நேரத்தில் தெளியும். பேச்சு குழறினாலோ, யார் என்ன என்று தெரியாமல் தடுமாறினாலோ, மயங்கினாலோ உடம்புச் சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கக்கூடும், உயிருக்கே ஆபத்து. அவசர ஊர்திக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை காத்திருக்காமல் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஐஸ் வைக்கலாம். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. வெப்பத்துக்கு உடம்பு பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும் என்பதால், ஏசி அறையிலேயே இருந்து பழகியவர்கள் முதல் நாளே நீண்ட நேரம் நிற்பது கூடாது.

என்ன எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது

காலை ஒளியின் பலன் ஒன்றிரண்டு வாரத்தில் தெரியும். இரவில் தூக்கம் கொஞ்சம் முன்னதாக வரும், காலையில் எழுவது எளிதாகும். வைட்டமின் டி மெதுவாகத்தான் ஏறும், மூன்று மாதத்துக்கு முன் மறு பரிசோதனை செய்வது பணச்செலவுதான். கேட்க வேண்டிய பரிசோதனை 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி. மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம் இருந்தால் பெரும்பாலோருடைய எலும்புக்குப் போதும், 12க்குக் கீழே போனால் குறைபாடு. அறிக்கையில் அலகைப் பாருங்கள். சில ஆய்வகங்கள் லிட்டருக்கு நானோமோலில் தருகின்றன, அதில் 50 என்பது இந்த 20தான். 50 நானோமோலை 50 நானோகிராம் என்று வாசித்து நிறைவாக இருக்கிறது என்று நம்பிவிடும் தவறு அடிக்கடி நடக்கிறது.

அளவு மிகக் குறைந்திருந்தாலோ, எலும்பு வலியோடு மாடிப்படி ஏறவும் தரையிலிருந்து எழவும் முடியாமல் தொடைத் தசை சோர்ந்திருந்தாலோ வெயிலை மட்டும் நம்பக் கூடாது, மருத்துவர் சொல்லும் அளவில் மருந்து வேண்டும். சாதாரண நாள்களில் பெரியவர்களுக்கு 600 ஐ.யூ., 70 வயதுக்கு மேல் 800 ஐ.யூ. என்பது பரிந்துரை அளவு. மருத்துவர் சொல்லாமல் நாளொன்றுக்கு 4000 ஐ.யூ.வைத் தாண்டக் கூடாது. மாத்திரையில் மிகையானால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, மலச்சிக்கல், தாகம், சிறுநீரகப் பாதிப்பு என்று போகும்.

வைட்டமின் டி ஏறினால் எல்லா நோயும் ஓடிவிடும் என்ற பேச்சை நம்ப வேண்டாம். அமெரிக்காவில் 25,000க்கும் மேற்பட்டவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் நாளுக்கு 2000 ஐ.யூ. கொடுத்துப் பார்த்த வைட்டல் ஆய்வில் புற்றுநோயோ மாரடைப்போ வருவது குறையவில்லை. யூவி-ஏ பட்டால் தோலிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு வெளிவந்து ரத்தக் குழாய் சற்றுத் தளர்கிறது, ரத்த அழுத்தம் கொஞ்ச நேரம் கொஞ்சம் இறங்குகிறது. அது உண்மைதான், அதற்காக யாரும் ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. சூரியக் கதிர் புற்றுநோயை உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1992இலேயே முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. தோலைக் கறுக்கவைக்கும் விளக்குப் படுக்கைகளும் 2009இல் அதே பிரிவில் சேர்ந்தன. வெயில் குறைந்த ஊரில் இருப்பவர்கள்கூட அவற்றின் பக்கம் போகத் தேவையில்லை.

வெயிலில் தொடர்ந்து நிற்பவர்கள் மாதம் ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் தோலைப் பார்த்துக்கொள்ளுங்கள். முதுகுக்கு இன்னொருவர் உதவி வேண்டும், அல்லது இரண்டு கண்ணாடி. மச்சத்தின் இரு பாதியும் பொருந்தாமல் இருந்தாலோ, ஓரம் பிசிறாக இருந்தாலோ, ஒரே மச்சத்தில் பல நிறம் தெரிந்தாலோ, அகலம் 6 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ, சில வாரத்தில் வடிவம் மாறினாலோ தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கறுத்த தோலுள்ளவர்கள் உள்ளங்காலையும் நகத்தடியையும் விட்டுவிடக் கூடாது. அங்கே வரும் மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கு வெயில் காரணம் அல்ல என்றாலும், யாரும் பார்க்காத இடம் என்பதால் காலம் கடந்தே பிடிபடுகிறது. ஒரு மாதமாகியும் ஆறாத புண், தொட்டாலே ரத்தம் கசியும் முடிச்சு, நகத்தில் நீளவாக்கில் புதிதாகத் தோன்றி அகலமாகிவரும் கருங்கோடு ஆகியவற்றுக்கும் அதே வாரத்தில் நேரம் வாங்கிவிடுங்கள்.